நாங்க பாத்துக்கறோம்

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் எல்லாரும் முதலில் வலியைப் பற்றித்தான் சொல்வார்கள். வலி எனக்கும் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்கு ஊசி உண்டு, மாத்திரை உண்டு, 'பத்துக்கு எத்தனை' என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நர்சும் உண்டு. யாரும் கேட்டு எழுதிக்கொள்ளாத இன்னொன்றைப் பற்றித்தான் நான் சொல்ல நினைக்கிறேன். என் வயதுக்காரர்கள் படித்தால், 'எனக்கும் இப்படித்தான் ஆயிற்று' என்று ஒருத்தராவது நினைப்பார்கள். பிள்ளைகள் படித்தாலும் சரி. என் பிள்ளை படிக்கமாட்டான். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டிக் கடைப் பலகை வரைக்கும்தான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. பெயர் சரோஜா. திருச்சிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் தில்லி வந்து, மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல், ஊழியர்களுக்கு அரசுக் குடியிருப்பு ஒதுக்கும் பிரிவில்தான் கழிந்தது. யாருக்கு மோதி பாக், யாருக்கு ஆர்.கே.புரம், யாருக்குத் தரைத்தளம், யாருக்கு மாடி என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட கை இது. பெரிய அதிகாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மேஜைக்கு முன்னால் நாலு பேர் 'மேடம்' என்று வந்து நின்றிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் லேசில் போகிறதா? 'இது வீடு சரோஜா, செக்‌ஷன் இல்லை' என்று என் கணவர் இருந்தவரைக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அவர் போனபிறகு ரவி என்னை நோய்டாவுக்குக் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே பதினாலாவது மாடியில் ஃபிளாட். மனைவி நேஹா, கான்பூர்க்காரி, நல்ல பெண். நான் போகவில்லை. முனிர்காவில் எங்கள் வீடு, நாங்கள் இருவரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே தனியாக இருந்தேன். கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவேன். தோன்றினால் சாம்பார் வைப்பேன், தோன்றாவிட்டால் இரண்டு நாள் பிரெட்டையே தின்றுகொண்டிருப்பேன். ஏன் என்று கேட்க ஆளில்லை. தனிமை கஷ்டம் என்கிறார்கள், கஷ்டம்தான். ஆனால் கேட்க ஆளில்லாதது ஒரு சுகம். அது தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜனவரி மாதம், எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். எங்கள் பக்கத்தில் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். மோட்டார் போட்டு மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்பக்க பால்கனியில் சுவிட்ச். தரையில் குழாய் கசிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. விழுந்தேன். எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் வலது கால் என்னுடையதாகவே இல்லை. போன் படுக்கையறையில். கைக்கு எட்டிய தண்ணீர் மக்கால் தரையை ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

கீழ்வீட்டு ஜெயா மாமி காதில் விழுந்தது. தஞ்சாவூர்க்காரர், பல வருஷப் பழக்கம். எங்கள் வீட்டு இன்னொரு சாவி அவரிடம் இருக்கும், அவர்கள் சாவி என்னிடம். திறந்துகொண்டு வந்து, "ஐயோ, என்ன பண்ணிண்டேள் சரோஜா!" என்று பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ரவிக்குப் போன் போட்டதும் அவர்தான்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தெற்கு தில்லியில் பெரிய ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் ஸ்டிரெச்சரில் படுக்க வைத்து எக்ஸ்ரே, இ.சி.ஜி., இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் எக்கோ என்று ஒவ்வொரு அறை வாசலிலும் நிறுத்தி நிறுத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். காத்திருக்கிற நேரமெல்லாம் கூரையைத்தான் பார்க்க வேண்டும். போவோர் வருவோர் எல்லாருக்கும் தலைகீழ் முகம். முதல் அறையிலேயே என் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், போன், வளையல் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டு ரவியிடம் கொடுத்துவிட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள். பத்திரமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மணி தெரியவில்லை, முகம் தெரியவில்லை.

சர்ஜன் வந்து விளக்கினார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து மாதிரி இருக்குமாம். அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழலும். பந்துக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது. என் வயதில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, தானாகச் சேராது. பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும். செய்யாவிட்டால் படுக்கைதான், படுக்கையென்றால் நெஞ்சில் சளி, முதுகில் புண். எல்லாம் தெளிவாகச் சொன்னார். ஆனால் ரவியைப் பார்த்துச் சொன்னார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ரவி, நடுவில் மேஜைமேல் கிடக்கும் ஃபைல் மாதிரி நான்.

சம்மதக் கையெழுத்துக்குத் தாள் வந்தது. அதுவும் ரவியிடம்தான் போயிற்று.

"நான் போடறேன்டா. கால்தானே முறிஞ்சிருக்கு, கை நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நீ ரெஸ்ட் எடும்மா. டென்ஷன் ஆகாதே. நாங்க பாத்துக்கறோம்."

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அப்போது இதமாகக்கூட இருந்தது. வலியில் இருப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு முள். சர்க்கார் வீட்டைக் காலி செய்யாமல் பிடித்து வைத்திருந்தவனுக்குக்கூட நாங்கள் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்ல அவகாசம் கொடுத்துத்தான் மேற்கொண்டு போவோம். இங்கே அறுக்கப் போவது என் எலும்பை.

ரவியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்லவும் முடியாது. கூட இருப்பவர்களுக்கென்று போட்டிருந்த, கால் நீட்ட முடியாத சோபாவில் சுருண்டு படுத்துக்கொண்டான். ஆபீஸ் வேலையை மடியில் கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்தான். நேஹா வந்தால் முதலில் என் தலையைத்தான் வாருவாள். சிக்கு எடுக்கும்போது வேரைப் பிடித்துக்கொண்டு வலிக்காமல் எடுப்பாள். எனக்குப் பென்ஷன்காரர்களுக்கான மருத்துவ அட்டை இருந்தது; அதில் அடங்காத பில்லெல்லாம் அவர்கள்தான் கட்டினார்கள். எவ்வளவு என்று கேட்டால், "அது எதுக்கு மம்மி உங்களுக்கு?" என்று இந்தியில் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாள். கோபித்துக்கொள்ள முடியாத அன்பு அது. கோபித்துக்கொள்ள முடியாததுதான் கஷ்டம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நான் சென்னை போகிற ரயிலில் இருந்தேன். யார் யாரோ என் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். 'அது என்னுது, வையுங்க கீழ' என்று கத்துகிறேன், ஒருத்தரும் திரும்பவில்லை. எழுந்து ஓடப் பார்த்தேன். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுகோஸ் ஊசியைப் பிடுங்கினேனாம், சிறுநீர்க் குழாயையும் இழுத்தேனாம். நேஹாவைப் பார்த்து நீ யார் என்று கேட்டேனாம். இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கட்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பயந்தேன். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

இதற்கு டெலிரியம் என்று பெயர். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுண்டு. மயக்க மருந்து, ரத்தத்தில் உப்புக் குறைவு, சிறுநீரில் கிருமி, தூக்கமின்மை, பழக்கமில்லாத இடம், கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிவது எல்லாம் சேர்ந்து மூளையைக் கொஞ்ச நாள் குழப்பிவிடும். மறதி நோய் வேறு, இது வேறு. காரணங்களைச் சரி செய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எனக்கும் தெளிந்தது. ஆனால் தெளிந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் எது சொன்னாலும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு பொறுமை வந்துவிடும். குழந்தை உளறினால் கேட்கிற பொறுமை. சாப்பாட்டில் உப்பே இல்லை என்றால், "அச்சா மாதாஜி" என்பார் பரிமாறுகிற பையா, அவ்வளவுதான். ஜன்னல் திரையைத் திறக்கச் சொன்னால், கூட இருக்கிறவர் வரட்டும் என்பாள் நர்ஸ். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் எனக்குக் காபி வேண்டும் என்று கேட்டேன். இந்தியில்தான் கேட்டேன், சுத்தமாகக் கேட்டேன். அவர் ரவி பக்கம் திரும்பி, "காபி குடிப்பார்களா?" என்றார். அறுபது வருஷமாகக் குடிக்கிறவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்! ரவி தலையாட்டிய பிறகுதான் காபி வந்தது. வந்ததும் வாயில் வைக்க வழங்கவில்லை, அது வேறு கதை.

கொஞ்ச நாளில் நானே கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. துடைத்துவிட வந்தால் கையைத் தூக்கினேன். ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறந்தேன். எல்லாரும், "இப்ப எவ்வளவு சமத்தா இருக்காங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்குள் ஏதோ ஒன்று சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டது. வலியைவிட அது பயங்கரம். வலிக்கிறபோது இவள் இன்னும் இருக்கிறாள் என்றாவது தெரியும்.

அதிலிருந்து என்னைக் கொஞ்சம் எழுப்பியது முதியோர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ரித்து. சின்ன வயசு, தில்லிப் பெண். குழப்பம் தெளிந்ததா என்று பார்க்க வந்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். நான் சொன்னது தப்பு. என்ன கிழமை? அதுவும் தப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கடிகாரத்தையும் போனையும் பிடுங்கி வெச்சுக்கிட்டீங்க. இந்த ரூம்ல ஒரு காலண்டர் கிடையாது. திரையை வேற மூடி வெச்சிருக்கீங்க. அப்புறம் தேதி கேட்டா நான் எங்க போவேன்?" என்றேன் இந்தியில். "உங்க கடிகாரத்தைக் கழட்டிட்டு நான் மணி கேட்டா நீங்க சொல்லுவீங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கே கண்ணாடி என் மூக்குக்கு வந்தது, கடிகாரமும் போனும் கைக்கு வந்தன. போகும்போது, "நடக்கிற பயிற்சி காலையிலா, சாயங்காலமா? நீங்களே சொல்லுங்கள், அதன்படி வரச் சொல்கிறேன்" என்றாள். ஒரு கேள்வி என்னிடம் வந்து நின்று எத்தனை நாள் ஆயிற்று! "காலையில்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்கச் சோறு ருசித்தது.

பிறகு ஒருநாள் அவளே விளக்கினாள். விழுந்த வயதானவர்களுக்கு எலும்பைச் சரி செய்துவிடலாமாம். ஆனால் எல்லாவற்றையும் மற்றவர்களே செய்து, மற்றவர்களே முடிவு பண்ணிப் பழகிவிட்டால், நம்மால் ஆகாது என்று மனசு தீர்மானித்துவிடும். அப்புறம் நடக்கக்கூடிய காலும் நடக்காது. அதனால் சின்னச் சின்ன விஷயமாவது அவர்கள் கையில் இருக்க வேண்டும், எதைச் சாப்பிடுவது, எப்போது படுப்பது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதாவது. இதை அவள் ரவியிடமும் சொன்னாள். அவனும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து, "அம்மா, இட்லியா உப்புமாவா?" என்று போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தான்.

வயசானால் மறுபடியும் குழந்தை என்கிறார்கள். பொய். குழந்தைக்கு இன்றைக்கு ஸ்பூன், நாளைக்குப் பென்சில், அப்புறம் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார்கள். நாங்கள் இருவரும் ஆபீஸ் போகிறவர்கள் என்பதால் ரவிக்குச் சின்ன வயதிலேயே வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டோம். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி அவனே திறந்துகொள்வான், பெருமையாக இருக்கும் அவனுக்கு. எங்களிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். குழந்தைக்குத் தான் இழந்தது எது என்று தெரியாது, அதற்கு இழக்கவே ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒவ்வொன்றும் கணக்காகத் தெரிகிறது.

சிறுநீரில் கிருமி முழுதாகப் போகாததால் நினைத்ததைவிட அதிக நாள் இருக்க வேண்டியதாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா முனை வரைக்கும் போய்த் திரும்பினேன். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று ரவியிடம் கேட்டேன். எந்த வீடு என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா, நீ முதல்ல தேறு" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முனிர்காதான், வேறெங்கும் இல்லை என்று மனசுக்குள் பிடிவாதமாக இருந்தேன். வேளைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு ஒருத்தி, மோட்டார் சுவிட்சை உள்ளே மாற்றிவிடலாம் என்றெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பயிற்சி அறையில் மரத்தால் செய்த சின்னப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. மூன்று படி ஏறி மூன்று படி இறங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கைப்பிடி. முதல் படியில் நல்ல காலை வைத்தேன், ஏறிவிட்டேன். இரண்டாவது படியில் உடம்பு வரவில்லை. கண் இருட்டியது. பயிற்சி கொடுக்கிறவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து என்னை இறக்கி, "ஷாபாஷ் மாதாஜி!" என்றார். எதற்கு ஷாபாஷ்? சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மூன்று படியைப் பார்த்தேன். முனிர்காவில் இரண்டு மாடி. யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு நானாகத் தீர்மானித்தேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நோய்டாவுக்குப் போய்விடுவது. சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. தீர்மானித்தபோது திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். ஆனால் அழுது முடித்ததும், ரொம்ப நாளைக்கப்புறம் நான் நானாக இருந்தேன். ரவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டேன். 'ரவி, இனிமே என்னால அந்தப் படி ஏற முடியாது. நான் உங்ககூட வரேன். ஆனா குடிவைக்கறவங்களை நான் பாத்துதான் வைப்பேன். சாமான் கட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு தரம் தூக்கிட்டுப் போய் அங்க உக்கார வை. எது யாருக்கு, எது எங்கன்னு நான் கையைக் காட்டறேன்.' இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். குரல் உடையாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து வருவார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் ஜெயா மாமி வந்தார். சுவெட்டருக்கு மேல் சால்வை, கையில் எவர்சில்வர் டப்பா.

"முகம் நன்னாத் தெளிஞ்சிருக்கே! நடக்கறேளா?"

"நடக்கறேன் மாமி. வராந்தா வரைக்கும்."

"போறும், மெள்ள மெள்ளப் பண்ணுங்கோ. இந்தாங்கோ, ஒரு ஸ்பூன் வாயில போட்டுக்கோங்கோ. கேசரி. உங்காத்துலேர்ந்துதான் வரது."

"எங்க வீட்லேருந்தா?"

"ஆமா, இன்னிக்குக் கார்த்தால பால் காய்ச்சினாளே! விருதுநகர்ப் பக்கமாம், அவர் ஏர்ஃபோர்ஸ்ல இருக்கார். அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா இருக்கா. என்னையும் வந்து கூப்பிட்டா. 'ஹாஸ்பிடல்ல இருக்கற அம்மாவுக்குக் குடுங்க'ன்னு முதல்ல இதைத்தான் எடுத்து வெச்சா." மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரவி கூடவே நின்னு எல்லாம் பண்ணிக் குடுத்தான். சாமானெல்லாம் போன வாரமே டெம்போல ஏத்திண்டு போயாச்சு. உங்க மாட்டுப்பொண்ணு ஒரு டம்ளர் விடாம பேப்பர் சுத்தி வெச்சா, பார்த்துண்டே நின்னேன். நம்ம தமிழ்க்காராளாத்தான் வெக்கணும்னு நீங்க கண்டிப்பாச் சொன்னேளாமே? ரவி சொன்னான். நல்ல காரியம் பண்ணினேள்."

நான் கேசரி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிபோகிற வீட்டில் முதல் வேலை பால் காய்ச்சுவது. பொங்கி வழிந்துவிட்டால் அப்புறம் அந்த அடுப்பு அவர்களுடையது. நாங்களும் அங்கே பால் காய்ச்சித்தான் போனோம்.

"என்ன சரோஜா, ஒரு மாதிரி ஆயிட்டேள்? வலிக்கறதா?"

"இல்ல மாமி" என்றேன். "ஆமா, நான்தான் சொன்னேன். தமிழ்க்காரங்களா இருக்கட்டும்னு."

வேறென்ன சொல்வது? எனக்குத் தெரியாமலே என் வீடு போய்விட்டது என்று மாமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் பிள்ளையை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் நெய் தாராளமாக விட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மாமி போனபிறகு டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன். வீடு போனதற்காக அழவில்லை. அதை நானே விட்டுவிட்டேன், அதற்கான அழுகையை முன்பே அழுதாயிற்று. கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நானே அவன் கையில் கொடுத்திருப்பேன். நான் கொடுக்க வேண்டியதை என் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே, எப்படியும் அங்கே போக முடியாதுதானே என்று யாராவது கேட்டால் எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது. ஒன்றில்லை. அவ்வளவுதான் தெரியும்.

சாயங்காலம் ரவியும் நேஹாவும் வந்தார்கள். அவன் ஆரஞ்சு உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்தான். அவனுக்கு ஏதாவது கஷ்டமான விஷயம் பேச வேண்டுமென்றால் கைக்கு வேலை வேண்டும்; சின்ன வயதிலிருந்தே அப்படி.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நீ கோவப்படக் கூடாது."

"கேளு."

"டிஸ்சார்ஜ் ஆனதும் நீ எங்ககூட வந்துடு. அங்க லிஃப்ட் இருக்கு, கீழ பார்க் இருக்கு. முனிர்கா வீட்டை..." ஆரஞ்சுத் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளினான். "வாடகைக்கு விடலாமான்னு நெனைக்கறோம். நீ என்ன சொல்ற? நீ சரின்னு சொன்னாத்தான். உன் இஷ்டம்தான்மா."

நேஹா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. இது மட்டும் புரிந்திருந்தது.

காலையில்தான் பால் காய்ச்சியாயிற்றே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் முகம் சுருங்கிப் போகும். எனக்கு அதிர்ச்சி கூடாது என்று பயந்ததையும், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று நினைத்ததையும், அந்த ஏர்ஃபோர்ஸ்காரருக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்ததையும் சொல்வான். எல்லாம் நிஜமாகவே இருக்கும். அவன் அழக்கூடச் செய்வான். இல்லையென்றால் சரி என்று சொல்லியிருக்கலாம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைச் சொல்ல எனக்கு ஒரு நிஜமான கேள்வி வேண்டியிருந்தது. இது நிஜமான கேள்வி இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "இல்லம்மா, கொஞ்சம் ஜல்தியா சொன்னா..."

"என்ன அவசரம்? யாராவது வந்து நிக்கறாங்களா?"

"சே, சே. அப்படியெல்லாம் இல்ல." நெற்றியைத் துடைத்துக்கொண்டான், அந்தக் குளிரில். "அச்சா, நீ மெதுவா யோசிச்சுச் சொல்லு."

இப்போது நோய்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடி, கடிகாரம், போன் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. வாக்கரை விட்டுவிட்டுக் கோலுக்கு வந்துவிட்டேன். என் பாத்திரமெல்லாம் இங்கே சமையலறையில் நேஹா வைத்த இடத்தில் இருக்கின்றன. எதையாவது தேடினால் ஓடி வந்து எடுத்துக் கொடுக்கிறாள். காலையில் இட்லியா உப்புமாவா என்று இன்னும் கேட்கிறார்கள். முனிர்கா வாடகை மாதாமாதம் என் கணக்கில்தான் விழுகிறது, ரவி அதில் ரொம்ப ஒழுங்கு. சாப்பிடும்போது சில நாள், "அம்மா, அந்த முனிர்கா..." என்று ஆரம்பிப்பான். நான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்ப்பேன். அவன் தண்ணீர் எடுத்துக் குடிப்பான்.

இந்த வீட்டில் என் வாயிலிருந்து வந்தே ஆக வேண்டியது என்று அந்தச் 'சரி' ஒன்றுதான் இருக்கிறது. அவன் மறுபடி கேட்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.